கராம்பு எண்ணெய் தேடி வில்கமுவ வரை

வீட்டில் சம்பல், ஊறுகாய் செய்து போத்தலில் அடைத்து விற்பவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இதை முதலில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் ரிவஸ்டன் மலைப்பாதைக்காகப் படிக்கலாம். உண்மையிலேயே அழகான பாதை அது. ஆனால் நான் மனம் விட்டு ரசித்தது போகும்போது மட்டும்தான்.

போனது இந்த வருடம் பெப்ரவரி கடைசியில். காரணம் என் சீனிச் சம்பல், வெங்காயத்தைத் தேங்காயெண்ணெயில் வதக்கிச் செய்வது. சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் கடையில் அதை வைக்கக் கேட்டிருந்தார்கள். லேபிளில் இரசாயனப் பாதுகாப்புப் பொருள் என்று எதுவும் இருக்கக் கூடாது, ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் மூன்று மாதம் கெடாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாட்டுக்காரர்கள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் படித்த பிறகுதான் வாங்குவார்களாம். நான் அதுவரை அனுமதிக்கப்பட்ட அளவில் பென்சோயேற் என்ற பாதுகாப்புப் பொருளைப் போட்டுத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்த ஓர்டர் கிடைத்தால் கண்டி வீட்டின் பின்பக்கச் சமையலறையை ஒரு நிஜமான பட்டறையாக மாற்றலாம் என்று ஆசை.

அதனால் தயாபரன் சேரிடம் பேசினேன். (இந்தக் கட்டுரையில் வருபவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) ஊர் யாழ்ப்பாணம் என்றாலும் பாதி வாழ்க்கையை மாத்தளையில் கழித்தவர். விவசாயம் சம்பந்தப்பட்ட அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று, பலாபத்வலயில் கராம்பு இலையிலும் கறுவா இலையிலும் எண்ணெய் வடிக்கிறார். என் கறுவாவும் ஏலமும் பல வருடமாக அவரிடமிருந்துதான் வருகின்றன. நிறுவையில் ஒரு முறை கூடக் குறைத்ததில்லை, கேட்காமலே ஒரு பிடி கூடப் போடுவார். அவர் அந்த இரண்டு எண்ணெயையும் கலந்து ஒரு சின்னப் போத்தலில் விற்கத் தொடங்கியிருந்தார். உணவில் சில துளி விட்டால் போதும், வேறு எதுவும் தேவையில்லை என்றார். தபாலில் ஒரு போத்தல் அனுப்பியும் வைத்தார்.

வீட்டில் இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். அவர் சொன்ன அளவில் போட்ட சம்பல் மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. அளவைக் கூட்டிப் போட்டது கெடவில்லை. ஆனால் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் பல் வலிக்கு மருந்து தடவியதுபோல நாக்கு மரத்துப்போனது, கூடவே ஒரு கசப்பு. என் மகள் துப்பிவிட்டாள். இதை நேரில் கேட்கலாம் என்றுதான் புறப்பட்டேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருபத்தைந்து கிலோமீற்றர். சாதாரண பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அங்கிருந்து தம்புள்ளைப் பக்கம் போகும் எந்த பஸ்ஸிலும் பலாபத்வலயில் இறங்கலாம், கால் மணி நேரம்தான். வீதியின் இரண்டு பக்கமும் வாசனைத் தோட்டங்கள். சுற்றுலா வேன்கள் வரிசையாக நிற்கும், கையில் மூலிகைத் தைலத்தோடு ஆட்கள் கூப்பிடுவார்கள். நின்று பார்க்க நினைப்பவர்கள் விலையை முதலில் கேட்டுவிடுங்கள்.

தயாபரன் சேரின் பட்டறை பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அன்று கராம்பு இலை அவிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே கண் எரிந்தது. சேரின் மனைவி இஞ்சித் தேநீர் கொண்டுவந்தார். மேசையில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள். ஒன்றில் இருந்த பாண் துண்டு பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது, எண்ணெய் விட்ட மற்றதில் இருந்தது வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஆய்வுகூடத்தில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். வட்டத் தட்டு நிறையக் கிருமி, நடுவில் எண்ணெய் வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் சுத்தமாக ஒரு வளையம்.

"பாத்தியளே பிள்ளை? கிருமி கிட்ட வரேலாமல் நிக்குது" என்றார்.

என் சம்பலைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையை ஆட்டினார்.

"அது நீங்கள் கலக்கிற முறையிலை பிழை. சம்பலை விடுங்கோ, மீனுக்கே இது வேலை செய்யுது. வில்கமுவயிலை ஒரு தமிழ்ப் பிள்ளை குளத்து மீனுக்கு இதைத்தான் போடுறா. உப்பும் பெரிசாத் தேவையில்லை."

தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். முப்பது வயதுக்குள் ஒரு பெண், கையில் பொலித்தீன் பைகளில் அடைத்த மீன், முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் போய் அவங்களப் பாக்கலாமா சேர்?"

"அங்கை எங்கை போறியள்? பஸ்ஸும் ஒழுங்கில்லை, றோட்டும் சரியில்லை. நான் சொன்னாக் காணாதே?"

தொலைபேசி எண் கேட்டேன். மாறிவிட்டதாம். ஆனால் ஊரின் பெயரை அவர் ஏற்கனவே சொல்லியிருந்தார். ஒரு படத்தை நம்பி என் பெயர் ஒட்டிய போத்தலை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மீனையே காப்பாற்றுகிற ஒருத்தி எப்படிக் கலக்கிறாள் என்று பார்த்தால் என் சம்பலும் தப்பிக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அன்றிரவு மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினேன். அறை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். சுத்தமாக இருந்தது, சுடுதண்ணீர் இல்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு முன்பே ஹெட்டிப்பொல பஸ்ஸில் ஏறினேன். வில்கமுவப் பிரதேசத்தின் கடைத்தெரு ஹெட்டிப்பொலதான். தூரம் எழுபது கிலோமீற்றருக்கு மேல், டிக்கட் முந்நூற்றைம்பது ரூபாய், பயணம் மூன்றரை மணி நேரம். இரத்தோட்டை தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. தேயிலை, மிளகுக் கொடி, பிறகு வெறும் புல்லும் பனிமூட்டமும். ரிவஸ்டன் உச்சியில் யன்னலை மூடவேண்டிய அளவுக்குக் காற்று. இடது பக்க யன்னல் கிடைத்தால் விடாதீர்கள். லக்கல பக்கம் இறங்க இறங்க வெயில் ஏறி, மலையெல்லாம் பின்னால் போய், சமவெளியும் வாய்க்காலும் வயலும் வந்துவிடும். பெரும்போக அறுவடை நேரம். வீதியோரம் முழுக்க நெல் காயவைத்திருந்தார்கள். அதன் மேல் ஏறாமல் டிரைவர் பஸ்ஸை வளைத்து வளைத்து ஓட்டினார்.

ஹெட்டிப்பொலயிலிருந்து வில்கமுவ ஊருக்குப் பகலில் பஸ் இரண்டு தடவைதான். த்ரீவீல் பிடித்தேன். ஒன்பது கிலோமீற்றர், ஆயிரத்து இருநூறு ரூபாய். மீன் ஊறவைத்து விற்கிற தமிழ்ப் பெண் வீட்டுக்கு என்று சிங்களத்தில் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வாங்கவா போறீங்க?"

"இல்ல, சும்மா பாக்க."

இறக்கிவிடும்போதுதான், "மிஸ், அந்த வீட்டுல சாப்பிட மட்டும் எதுவும் வாங்காதீங்க" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

படத்தில் பார்த்த அந்தப் பெண், செல்வி, முற்றத்தில் நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். தமிழில் கூப்பிட்டதும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்க! தமிழ்ல பேசி எத்தன நாளாச்சு! எங்கம்மா போன்ல பேசினாத்தான் உண்டு."

இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ரோட்டு வேலைக்கு வந்த சுனிலைக் காதலித்துக் கல்யாணம் செய்து இங்கே வந்திருக்கிறாள். சுனில் வயலில் இருந்தார். எந்த டிவிஷன், எந்த லயம், எந்த ஸ்கூல் என்று மூச்சு விடாமல் பேசினாள். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் என் சம்பலையும் சீகிரியா ஹோட்டலையும் பற்றிச் சொல்லி, தயாபரன் சேரிடம் கேள்விப்பட்டு வந்தேன் என்றேன்.

என் கையை விட்டுவிட்டாள்.

"அவரு இன்னும் என் போட்டோவக் காட்டுறாரா?"

அவள் உள்ளே போய், ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் போட்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

குளத்து மீனை உப்பும் கொறக்காப்புளியும் போட்டு ஊறவைப்பதைச் சிங்களத்தில் ஜாடி என்பார்கள். செல்வி அதை மாமியாரிடம் பழகி, ஞாயிறு சந்தையில் விற்றாள். நன்றாகப் போனது. மகளிர் சங்கத்தில் கடன் கொடுத்தார்கள், பை ஒட்டும் மெஷின் வாங்கினாள். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் பேச வந்த தயாபரன் சேர் அவளைச் சந்தித்திருக்கிறார்.

"டவுன் ஆளுங்களுக்கு பிரஷர் இருக்கு, உப்பு கொறச்சாத்தான் வாங்குவாங்கன்னாரு. இந்த எண்ணெய ஊத்து, உப்பு பாதி போதும்னாரு. படிச்சவரு, கவுர்மண்டுல இருந்தவரு. என்னையத் தேடி வந்து தமிழ்ல வேற பேசினாரு. நம்பினேன்க்கா."

"நீங்க வாசம் பாக்கலயா?"

"பாக்காம இருப்பனா? கராம்பு வாசந்தான் அடிச்சுச்சு. மீனு கெட்டா மூக்கு சொல்லிரும்ல? இந்தத் தடவ மூக்கு ஒண்ணுமே சொல்லல."

முதல் பைகள் சந்தைக்குப் போகும் முன்பே பக்கத்து வீட்டில் மூன்று மாத தானம், இறந்தவர் பெயரில் ஊருக்குச் சாப்பாடு போடும் சடங்கு, வந்தது. செத்துப்போன பெரியவர் அவளிடம் அன்பாக இருந்தவராம். அதனால் காசு வாங்காமல் மீனைக் கொடுத்திருக்கிறாள். தானே சமைத்தும் கொடுத்திருக்கிறாள். சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் பொழுது விடிவதற்குள் ஆஸ்பத்திரியில். வாந்தி, வயிற்றோட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு சேலைன் ஏற்றினார்கள். அவளுடைய மாமியாரும் அதே வாட்டில்தான் கிடந்தார்.

"யாரும் சாகல. அது ஒண்ணுதான் மிச்சம்."

சுகாதாரப் பரிசோதகர் வந்து மிச்சப் பைகளை எடுத்துப்போய், இனிச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். செல்வி தயாபரன் சேருக்குப் போன் பண்ணினாள். ஒரு மூட்டை அரிசியோடு வந்தாராம். எண்ணெயைப் பற்றி யாரிடமும் சொல்லாதே, கலந்தது நீதானே, கடைசியில் உன் மேல்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"நீங்க உண்மையச் சொல்லியிருக்கலாமே செல்வி?"

"சொல்லி? இப்ப அழுகுன மீனக் குடுத்துட்டான்னு பேசுறாங்க. எண்ணெய்னு சொன்னா, தெரிஞ்சே என்னமோ ஊத்திட்டான்னு பேசுவாங்க. தோட்டத்துல இருந்து வந்தவளுக்கு சுத்தம் தெரியாதுன்னு என் காதுபடவே சொல்லியாச்சு. சுனில் அதுக்காக ஒருத்தன அடிக்கப் போயி பொலிஸ் வரைக்கும் போச்சு. நான் வாய மூடிக்கிட்டதாலதான் கொஞ்சம் அடங்கியிருக்கு."

மெஷினை விற்றுச் சங்கத்துக் கடனில் கொஞ்சம் அடைத்திருக்கிறாள். மற்றவர்களின் வயலில் கூலிக்குப் போகிறாள். அங்கேயும் பகல் சாப்பாட்டுக்கு அவள் கொண்டுபோகும் கறியை யாரும் கை நீட்டி வாங்குவதில்லை. முன்பெல்லாம் அடித்துப் பிடித்து வாங்குவார்களாம்.

உச்சி வெயில் ஏறிவிட்டது. வந்தவளுக்குச் சோறு போடாமல் அனுப்பத் தோட்டத்துக்காரிக்கு மனம் வராது. அவள் கடைக்குப் போய், உடைக்காத பிஸ்கட் பக்கற்றும் மூடி திறக்காத சோடாவும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

"வெளியாளுக்கு நான் சமைச்சது குடுக்கிறதில்லக்கா" என்றாள்.

அடுப்பில் சோறும் பருப்பும் இருந்தது எனக்குத் தெரியும். எனக்கு அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பருப்பு நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை.

திரும்பும்போது மலைப்பாதை வேண்டாம் என்று எலஹெர, நாவுல வழியாக வந்தேன். பஸ் மாறி மாறிப் பலாபத்வல வந்து சேர மாலை ஐந்தரை ஆகிவிட்டது. வீதி இந்தப் பக்கம் சமதரை, அலுப்பில்லாத பயணம். ஆனால் எதைப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

தயாபரன் சேர் என் முகத்தைப் பார்த்ததுமே மனைவியை உள்ளே போகச் சொன்னார்.

"நான் உப்பைக் குறைக்கச் சொன்னனான்தான். பாதியாக்கு எண்டு சொல்லேல்லை. அவவுக்கு அளவு விளங்கேல்லை" என்றார், நான் ஒன்றும் கேட்கும் முன்பே.

"நீங்க பாதின்னு சொன்னதா அவங்க சொல்றாங்க சேர்."

"பிள்ளை, தட்டிலை கிருமி வளரேல்லை. அது பொய்யே? நான் ஆரையும் ஏமாத்தேல்லை."

"பொய்யில்ல சேர். ஆனா அந்தத் தட்டுல மீனும் இல்ல, தேங்காயெண்ணெயும் இல்ல."

அவர் கதிரையில் சாய்ந்தார். அந்தப் பட்டறைக்காகத் தன் ஓய்வுக் காசு முழுவதையும் போட்டவர் அவர். என் மகளின் சடங்குக்குக் குடும்பத்தோடு வந்து, கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறியவர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்தப் போட்டோவையாவது அழிச்சிடுங்க சேர்."

தொலைபேசியை எடுத்துப் படத்தைத் திறந்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அந்தப் படத்தைப் பாத்துத்தான் நாலு பேர் நம்பி வாங்குகினம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் கறுவா வாங்குவதில்லை. சுகாதார அலுவலகத்துக்கும் பேசிப் பார்த்தேன். பாதிக்கப்பட்டவர் வந்து சொன்னால் விசாரிக்கலாம் என்றார்கள். செல்வி வரமாட்டாள். அவளை வற்புறுத்த எனக்கும் உரிமை இல்லை.

அவரிடம் பேசிவிட்டு வந்த மறுநாள் சீகிரியா போனேன். பலாபத்வலயிலிருந்து தம்புள்ளை ஒரு மணி நேரம், அங்கிருந்து சீகிரியா பஸ் நாற்பது நிமிடம். ஹோட்டல் மனேஜரோடு சிங்களத்தில் பேசினேன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்படி, தேசிக்காயும் உப்பும் கூட்டிச் செய்து தருகிறேன் என்றேன். கடையில் குளிர்ப்பெட்டிக்கு இடம் இல்லை என்றார். அவர் மேசையில் வேறு யாரோ கொடுத்த கோழிச் சம்பல் போத்தல் ஒன்று இருந்தது. லேபிளில் "முற்றிலும் இயற்கை" என்று போட்டிருந்தது. திறந்து மோந்து பார்த்தேன். கராம்பு.

இதை வைக்காதீர்கள் என்றேன். ஏன் என்றார். எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். ஆதாரம் கேட்டார். அப்போது வில்கமுவயில் நடந்ததைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பெண், சிங்களக் கணவர், தானத்தில் கொடுத்த மீன், ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு ஓர்டர் கிடைக்கலங்கிறதால சொல்றீங்கன்னுதான் யாரும் நினைப்பாங்க" என்றார் கடைசியில், மரியாதையாகவே.

போத்தல் மேசையிலேயே இருந்தது. சீகிரியாக் குன்றைப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் தம்புள்ளைக்குத் திரும்பினேன்.

இதே வழியில் எண்ணெய் தேடிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கராம்பு, கறுவா எண்ணெய்களுக்குக் கிருமியை அடக்கும் சக்தி இருப்பது உண்மைதான். ஆனால் கொழுப்புள்ள உணவில் அந்த எண்ணெய் கொழுப்போடு போய்ச் சேர்ந்துவிடும். கிருமி வளர்கிற ஈரத்தில் மிச்சம் இருக்காது. அதை ஈடுகட்ட அளவைக் கூட்டினால் வாயில் வைக்க முடியாது. புளிப்பு, உப்பு, குளிர் இவற்றோடு துணைக்கு நிற்கும், இவற்றின் இடத்தில் நிற்காது. யாராவது உப்பைக் குறை, பென்சோயேற்றை நிறுத்து என்று சொன்னால், உங்கள் உணவிலேயே செய்த பரிசோதனை முடிவைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே ஒரு ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். செலவுதான், ஆனால் செய்யுங்கள். முக்கியமாக, கராம்பு மணக்கிற உணவு கெட்டிருக்கிறதா என்று மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். வில்கமுவ போகிறவர்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். திரும்பி வரும் பஸ் நேரத்தை ஹெட்டிப்பொலயில் இறங்கியதுமே கேட்டு வையுங்கள், பிற்பகலுக்குப் பிறகு நம்ப முடியாது.

இவ்வளவையும் எழுதி வைத்திருந்தபோது போன வாரம் செல்வி பேசினாள். சீகிரியாவில் எனக்குத் தெரிந்த ஹோட்டல் இருப்பதாகச் சொன்னேனே, அங்கே வேலை எதுவும் கிடைக்குமா என்று கேட்டாள். சுனிலுக்கு நெல் விலை சரியாகக் கிடைக்கவில்லையாம், சங்கத்துக் கடன் இன்னும் இருக்கிறதாம்.

"சமையல் வேணாம்க்கா. பாத்திரம் கழுவுற வேல போதும்."

மனேஜருக்குப் பேசினேன். ஆள் தேவைதான், உடனே அனுப்புங்கள் என்றார் மகிழ்ச்சியாக. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"நீங்க சொன்னீங்களே, தானத்துல மீன் குடுத்த பொண்ணு, அவளா?"

மீன் கெட்டது அவளால் இல்லை, எண்ணெயால்தான் என்று அன்று சொன்னதையே மறுபடி சொன்னேன். அதெல்லாம் சரி மிஸ், ஆனால் இது ஹோட்டல் சமையலறை, தெரிந்துகொண்டே எப்படி எடுப்பது என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவருக்குத் தெரியவைத்தது நான்தான்.

செல்விக்குப் பேசி, இடம் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

"பரவால்லக்கா, நீங்க கேட்டீங்களே, அதுவே போதும்" என்றாள். பிறகு, "உங்க சம்பல் நல்லாப் போகுதா?" என்று கேட்டாள்.

நல்லாப் போகுது என்றேன்.